புரோமோவில் ஒரே ஒரு விடியல்: கேமராவை எந்தப் பக்கம் திருப்புவது?

இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் உள்ள புரோமோ எரிமலைக்கு ஆகஸ்ட் இரண்டாம் வாரம் போகிறீர்கள். கையில் ஒரே ஒரு விடியற்காலைதான் இருக்கிறது. சூரிய உதயத்தைப் படமெடுக்க எந்த லென்ஸ், எந்த ஃபில்டர், எந்த இடம் என்று கேட்டிருக்கிறீர்கள். சென்ற ஆண்டு போய்வந்த நண்பரின் படங்களில் வானம் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் எரிய, மலைகளெல்லாம் கரிக்கட்டியாக நின்றன என்றும், உங்களுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்றும் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் படுவது, உங்களுடைய உண்மையான கேள்வியே அந்தக் கடைசி வரிதான். லென்ஸையும் ஃபில்டரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் நண்பர் செய்த தவறு கருவி தொடர்பானதன்று. அவர் சூரியனைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

புரோமோவைப் பற்றி முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியது இதுதான்: அங்கே சூரியன் எழும் திசை வேறு, எரிமலைகள் நிற்கும் திசை வேறு. எல்லோரும் போகும் பெனாஞ்சாக்கான் காட்சிமுனை, பழைய எரிமலை ஒன்று சரிந்து உண்டான பெருங்குழியின் (கால்டெரா) வடக்கு விளிம்பில் சுமார் 2,770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே திரும்பினால் கீழே 9 முதல் 10 கிலோமீட்டர் அகலமுள்ள மணற்கடல். அதன் நடுவே வரிவரியாகப் பள்ளம் விழுந்த பாத்தோக் கூம்பு, அதற்குச் சற்று இடப்புறம் தள்ளி வாய் திறந்து புகையும் புரோமோ, இவற்றுக்குப் பின்னால் வெகுதொலைவில் ஜாவாவின் மிக உயர்ந்த சிகரமான செமேரு. நீங்கள் பார்த்து ஆசைப்பட்ட படங்கள் அனைத்தும் தெற்கு நோக்கி எடுக்கப்பட்டவை. சூரியனோ உங்கள் இடத்தோளுக்குப் பக்கத்தில் எழும். கூட்டம் முழுவதும் கிழக்குக் கம்பியோரம் முண்டியடித்துச் சூரியனைப் படமெடுத்துக் கைதட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடங்களில், தென்பக்கம் நடக்கும் கூத்தைப் பார்க்க ஆளிருப்பதில்லை.

நான் நிலவியல் படித்தவன். பிழைப்புக்கு வேறு வேலை பார்த்தாலும் பதினெட்டு ஆண்டுகளாக நிலக்காட்சிப் படங்கள் எடுத்துவருகிறேன். புரோமோவுக்கு நான்கு முறை போயிருக்கிறேன்: மூன்று முறை வறண்ட காலத்தில், ஒரு முறை நவம்பர் மழையில். அந்த நவம்பர் பயணத்தில் இரண்டு விடியல்களிலும் வெள்ளைச் சுவரைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஆகவே கீழே சொல்பவற்றில் திசை, நேரம், ஒளி விழும் கோணம் ஆகியவற்றைக் கணக்குப்போட்டு உறுதியாகச் சொல்கிறேன். பனிமூட்டம், மேகம், புகை ஆகியவற்றில் என் சொல்லுக்கு ஓர் அனுபவசாலியின் ஊகத்துக்குரிய மதிப்பு மட்டுமே உண்டு. நான் எரிமலையியலாளன் அல்லன். பாதுகாப்பு தொடர்பாக நான் சொல்வதைவிட அந்நாட்டுக் கண்காணிப்பு மையம் சொல்வதையே நீங்கள் கேட்க வேண்டும்.

உறுதியானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். புரோமோ தென் அரைக்கோளத்தில், நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 8 பாகை தெற்கே உள்ளது. ஆகஸ்ட் நடுவில் அங்கே சூரியன் நேர்கிழக்கிலிருந்து 14 பாகை அளவு வடக்கே தள்ளி, உள்ளூர் நேரம் ஐந்தரை மணியை ஒட்டி எழும். தெற்கே திரும்பி நிற்கும் உங்களுக்கு ஒளி இடப்புறத்திலிருந்து, மிகச் சற்றே முதுகுப் பக்கமாகச் சாய்ந்து வரும் என்பது இதன் பொருள். கூம்புகளின் வரிப்பள்ளங்களை எடுத்துக்காட்ட இதைவிட நல்ல கோணம் கிடையாது. இதே இடத்துக்கு டிசம்பரில் வந்தால் சூரியன் தென்கிழக்கில் எழுந்து, ஒளி முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். அப்போது பனிமூட்டமும் புகையும் பளிச்சென்று ஒளிரும், மலைச்சரிவுகள் இருட்டாகும். அதற்கும் ஓர் அழகு உண்டென்றாலும் டிசம்பர் மழைக்காலம். உங்கள் தேதி நல்ல தேதி. அதில் கவலை வேண்டாம்.

இன்னொன்றும் உறுதி: நிலநடுக்கோட்டுக்கு அருகே சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக ஏறுவதால் எல்லாம் விரைவாக நடந்து முடிந்துவிடும். ஐரோப்பியப் படப்பிடிப்பாளர்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டுப் பொன்னொளி ஒரு மணி நேரம் நீடிக்கும் என்று எண்ணி வருபவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். விடியலுக்கு முந்தைய நீல வெளிச்சம் நன்றாக இருப்பது இருபது, இருபத்தைந்து நிமிடம். சூரியன் வந்தபின் ஒளி பொன்னாக இருப்பது அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். எனவே நாலேகாலுக்கே இடம்பிடித்து, டிரைபாடை விரித்து, ஃபோகஸை முடித்துவிட வேண்டும். இருட்டில் ஃபோகஸ் செய்ய ஓர் எளிய வழி உண்டு: இடப்புறம் கீழே குழியின் விளிம்பில் செமோரோ லாவாங் ஊரின் விளக்குகள் மினுங்கும். திரையில் அவற்றைப் பெரிதாக்கிக் கைமுறையாக ஃபோகஸ் செய்து, வளையத்தின் மேல் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டிவிடுங்கள். மலைகள் அனைத்தும் தொலைவில் இருப்பதால் பிறகு அதைத் தொடவே தேவையில்லை.

அந்த இரண்டு மணி நேரம் எப்படி நகரும் என்று தெரிந்திருந்தால் பதற்றம் குறையும். நாலே முக்கால் அளவில் கிழக்கே ஒரு செம்பழுப்புக் கோடு தோன்றும்போது, தெற்கே மணற்கடல் இன்னும் மைநிறத்தில் கிடக்கும். ஆனால் அதன் மேல் படிந்த பனிமூட்டம் மட்டும் பால் கொட்டியதுபோல் தெரியத் தொடங்கும். இது கேமரா பல நொடி ஒளியை வாங்கும் நீண்ட எக்ஸ்போஷருக்கான நேரம். ஐந்தேகாலுக்கு மேல், தென்மேற்கு வானின் அடியில் சாம்பல் கலந்த நீலப்பட்டை ஒன்றும் அதற்கு மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்றும் தெரியும். கீழ்ப்பட்டை, பூமி தன் வளிமண்டலத்தின் மேல் தானே வீழ்த்தும் நிழல். சூரியன் நெருங்க நெருங்க அது தாழ்ந்து மறையும். எனக்கு இந்த நேரந்தான் மிகவும் பிடிக்கும்: நிழலே விழாத மென்மையான வெளிச்சத்தில், மூன்று எரிமலைகளும் ஒரே நீலத்தின் மூன்று சாயல்களாக நிற்கும். சூரியன் எழுந்ததும் ஒளி முதலில் தொடுவது 3,676 மீட்டர் உயரமுள்ள செமேருவின் உச்சியை. அது கொஞ்ச நேரம் தனியாகச் சிவந்து நிற்கும். பிறகு பாத்தோக்கின் மேல்விளிம்பு. அங்கிருந்து ஒளி ஒவ்வொரு வரப்பாகக் கீழே இறங்கும்: விரித்த குடையின் கம்பிகளைப் போல உச்சியிலிருந்து ஓடிவரும் அந்த வரப்புகளின் கிழக்கு முகம் மஞ்சளாகவும், அடுத்த பள்ளம் நீலமாகவும் மாறிமாறித் தெரியும். புரோமோவின் வாயிலிருந்து எழும் வெண்புகை அதற்குள் ரோஜா நிறத்திலிருந்து வெண்மைக்கு மாறியிருக்கும். பெருங்குழியின் கிழக்குச் சுவர் மறைப்பதால் மணற்கடலின் தரைக்கு வெளிச்சம் வருவது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். ஆறே முக்காலுக்கு அந்தச் சுவரின் நிழல் பனிமூட்டத்தின் மேல் வெட்டிவைத்தாற்போல் கிடக்கும். நான் அச்சிட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படம் அந்த நேரத்தில் எடுத்தது. அப்போது என் அருகே ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் அனைவரும் ஜீப்பில் ஏறிப் போய்விட்டிருந்தார்கள்.

இனி லென்ஸ். "இவ்வளவு பெரிய காட்சிக்கு அகலக்கோண லென்ஸ் வேண்டாமா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். பெனாஞ்சாக்கானிலிருந்து புரோமோ சுமார் 4 கிலோமீட்டர் தொலைவிலும் செமேரு 20 கிலோமீட்டருக்கு மேலும் உள்ளன. 24 மில்லிமீட்டரில் எடுத்தால் மூன்று மலைகளும் படத்தின் நடுவில் எறும்புப் புற்றுகளாகச் சுருங்கி, முன்னால் பிறருடைய தலைகளும் கம்பிவேலியும் பெரிதாகத் தெரியும். முழுச்சட்டக் கேமராவில் 70 மில்லிமீட்டரை ஒட்டிய குவியத்தூரம் மூன்றையும் அளவாக அடக்கும். சிறிய சென்சார் உள்ள கேமராவில் 50 போதும். 135 முதல் 200 வரை போனால் பாத்தோக்கின் வரப்புகளும் அதன் பின்னால் செமேருவும் நெருங்கி நின்று, தூரமே இல்லாததுபோல் ஒரு கனம் கிடைக்கும். ஒரே ஒரு லென்ஸ்தான் எடுத்துப்போக முடியும் என்றால் 70–200ஐ எடுத்துப்போங்கள் என்பேன். 24–70 மட்டுமே இருந்தால் அதன் 70 முனையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள்.

எக்ஸ்போஷருக்கு நான் எண்களை மனப்பாடமாகத் தருவதை விரும்புவதில்லை. ஆனாலும் தொடக்கப் புள்ளி ஒன்று வேண்டுமென்றால், இருட்டு விலகாத நேரத்தில் ஐஎஸ்ஓ 800, எஃப் 4, நான்கைந்து நொடி. சூரியன் எழும் நேரத்தில் ஐஎஸ்ஓ 100, எஃப் 8, நொடியின் பதினைந்தில் ஒரு பங்கு. அங்கிருந்து, படத்தின் ஒளிப்பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். அதிலும் மூன்று வண்ணங்களுக்கும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமையே பாருங்கள். விடியலில் சிவப்பு மட்டும் முதலில் வெந்துபோகும், மொத்த வரைபடம் அதைக் காட்டாது. கேமரா திருத்தாத மூலக் கோப்பான ரா கோப்பாக எடுங்கள், வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 5,500 கெல்வின் அளவில் நிறுத்துங்கள்; இல்லாவிட்டால் நிழலின் நீலத்தைக் கேமரா தன் சொந்த அறிவால் 'திருத்தி'விடும். ஃபில்டரைப் பொறுத்தவரை, பாதி இருண்ட பாதி தெளிந்த ஃபில்டர் இங்கே பயன்படுவதைவிடக் கெடுப்பதே அதிகம், ஏனெனில் செமேருவின் உச்சி தொடுவானத்துக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்பதால் அதன் தலை மட்டும் கறுத்துப்போகும். சூரியனைச் சட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டால் வானத்துக்கும் குழிக்கும் உள்ள வேறுபாடு மூன்று, நான்கு ஸ்டாப்புக்குள் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு) அடங்கும். அதை இன்றைய சென்சார்கள் ஒரே படத்தில் தாங்கும். சந்தேகமிருந்தால் இரண்டு எக்ஸ்போஷர்களில் எடுத்துப் பிறகு இணைத்துக்கொள்ளலாம். எதிரொளிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் வேண்டவே வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து.

உறுதியில்லாதவற்றுக்கு வருகிறேன். பனிமூட்டம் எப்படி வருகிறது என்பது தெளிவு: இரவில் குழியின் சுவர்களில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிந்து, சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் மணற்கடலில் கிண்ணத்தில் நீர் போல் தேங்குகிறது, ஈரம் போதுமானால் அது மூட்டமாகிறது. காற்றில்லாத, வானம் தெளிந்த இரவுக்குப் பின் வாய்ப்பு அதிகம். ஆனால் எந்த நாளில் வரும், எவ்வளவு உயரம் நிற்கும் என்பதை முதல்நாள் இரவு சொல்ல எவராலும் முடியாது. என் மூன்று வறண்ட காலப் பயணங்களில் ஒரு விடியலில் அது கணுக்காலளவு மெல்லியதாக இருந்தது. இன்னொன்றில் பாத்தோக்கின் இடுப்புவரை ஏறி நின்றது. செமேருவின் புகையும் இப்படியே. அது அடிக்கடி சிறுசிறு வெடிப்புகளாகச் சாம்பலைத் தள்ளும் மலை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை என்று வழிகாட்டிகள் கடிகாரம்போல் சொல்வதை நம்பிவிடாதீர்கள். சில காலையில் அரை மணிக்குள் இரண்டு வரும், சில காலையில் ஒன்றும் வராது. அதனால் செமேருவைத் தனியே பெரிதாக எடுப்பதற்காக மற்றதை விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். படத்தை அமைத்து வைத்துக்கொண்டு, புகை எழும்போது எடுங்கள்.

இடத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெனாஞ்சாக்கான் மேல்முனையில் நெரிசல் அதிகம். அத்தனை பேர் நடக்கும் தளத்தில் டிரைபாட் அதிர்வதை நீண்ட எக்ஸ்போஷரில் கண்ணாலேயே பார்க்கலாம். அதே சாலையில் சற்றுக் கீழே உள்ள கிங்காங் குன்று என்னும் முனையில் கோணம் ஏறத்தாழ அதுவே, கூட்டம் கொஞ்சம் குறைவு. என் தேர்வு அதுதான். ஜீப் வேண்டாம், நடந்தே போவேன் என்றால் செமோரோ லாவாங்கிலிருந்து செருனி முனைக்கு ஏறலாம். இவற்றையெல்லாம்விட முக்கியம் ஜீப் ஓட்டுநரிடம் முதல்நாளே பேசுவது. வழக்கமான ஏற்பாட்டில் ஆறு மணிக்கெல்லாம் கீழே இறங்கி எரிமலை வாய்க்குப் போய்விடுவார்கள். "பாக் (ஐயா), ஏழு மணிவரை மேலேதான் இருப்பேன்" என்று முன்னாலேயே சொல்லி, அதற்குக் கூடுதல் பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். அந்தப் பணத்தை மிச்சம் பிடித்த முதல் பயணத்தில், ஒளி பாத்தோக்கின் பாதி வரை இறங்கியிருந்தபோது ஹார்ன் அடித்து என்னைக் கூட்டிப்போய்விட்டார்கள். புரோமோ இருக்கும் தேசியப் பூங்காவின் நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்; தனி அனுமதி வாங்காமல் ட்ரோனை எடுத்துப்போக வேண்டாம்.

குளிரைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் மணற்கடலின் புல்லில் உறைபனி படிவதுண்டு. மேலே வாடகைக்குக் கம்பளிச் சட்டை கிடைக்கும். ஆனால் விரல்களுக்குக் கிடைக்காது, கையுறை கொண்டுபோங்கள். மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைத்திருங்கள். கேமராவை வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுபோகுமுன் பிளாஸ்டிக் உறையில் மூடிவிடுங்கள். நீர் உறையின் மேல் கோக்கும், கண்ணாடியில் கோக்காது. குளிரைவிடக் கொடியது சாம்பலும் ஜீப்புகள் கிளப்பும் கருமணல் தூசியும். எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பலைப் போல் மெத்தென்றது அன்று. பெரும்பாலும் கூர்விளிம்புள்ள கண்ணாடித் துகள்களும் பாறைத் துகள்களும்தான். நிலவியல் படித்த நானே மூன்றாவது பயணத்தில், அவசரத்தில் கழுத்துத் துண்டின் நுனியால் லென்ஸை ஒரு சுற்றுத் துடைத்துவிட்டேன். வில்போல் வளைந்த கீறல்கள். எதிரொளியில் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் இன்றும் அவை முகம் காட்டுகின்றன. ஊதுகுமிழால் ஊதுங்கள், பிறகு மென்தூரிகை, துணி கடைசியில்தான். மணற்கடலில் இறங்கியபின் லென்ஸ் மாற்றாதீர்கள்.

எரிமலை வாய்க்கு ஏறுவதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஓட்டுநர் கேட்பார். இந்தோனேசியாவின் எரிமலை மற்றும் நிலவியல் பேரிடர் தணிப்பு மையம் ஒவ்வொரு எரிமலைக்கும் நான்கு நிலை எச்சரிக்கை அறிவிக்கிறது. புரோமோ பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் இரண்டாம் நிலையிலேயே இருந்துவருகிறது. அந்நிலையில் வாயிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் போக வேண்டாம் என்பதே வழக்கமான அறிவுரை. ஆனால் படிக்கட்டில் ஏறும் கூட்டத்தைப் பார்த்தால் அப்படி ஓர் அறிவுரை இருப்பதே தெரியாது. 2004 ஜூனில் திடீரென்று வெடித்தபோது அங்கே இருவர் உயிரிழந்தார்கள். போகும் நாளின் நிலையைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் கந்தகப் புகைக்கு அருகே போகவே கூடாது. படத்துக்காக என்றால், விளிம்பில் நின்று எடுத்த படம் எதுவும் எனக்குத் திருப்தியாக வந்ததில்லை.

மணற்கடலில் இருக்கும் புரா லுகுர் போத்தென் கோவில் அங்குள்ள தெங்கர் மக்களின் வழிபாட்டிடம். அவர்கள் இந்துக்கள், புரோமோ என்பது பிரம்மா என்ற பெயரின் ஜாவானிய உச்சரிப்பு, செமேரு நம் மேருவேதான். பாத்தோக் என்றால் தேங்காய்ச் சிரட்டை. கவிழ்த்துவைத்த சிரட்டையாக அது தெரிவதை நீங்களே பார்ப்பீர்கள். போர்வையைப் போர்த்திக் குதிரை பிடித்து நிற்கும் தெங்கர் பெரியவர்களைப் படமெடுக்கத் தோன்றும், கேட்டுவிட்டு எடுங்கள். காய்ந்த புல்வெளிப் பக்கம் நெருப்பு, வண்ணப்புகை எதுவும் கூடாது. 2023 செப்டம்பரில் திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு ஒன்றில் கொளுத்திய ஒளிக்குச்சியிலிருந்து தீப்பிடித்து நூற்றுக்கணக்கான ஹெக்டேர் எரிந்துபோனது.

மனைவியிடம் கைபேசி மட்டுந்தான் இருக்கிறது, அதில் ஏதாவது தேறுமா என்றும் இடையில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். தேறும். அகலக்கோணத்தை விட்டுவிட்டு அதன் தொலைவு லென்ஸைத் தேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். திரையில் பாத்தோக்கை விரலால் அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டி, கொஞ்சம் கீழே இறக்கச் சொல்லுங்கள். கம்பியின் மேல் கையூன்றாமல், மடித்த கம்பளிச் சட்டையின் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்தால் அதிர்வு குறையும். அவரும் தெற்குப் பக்கம் திரும்பித்தான் நிற்க வேண்டும்.